பாலம் தன் எடையை எங்கே இறக்கி வைக்கிறது?

வண்டிகளைத் தாங்கத்தான் பாலம் கட்டுகிறோம். ஆனால் பொறியாளர் போடும் கணக்கில் வண்டிகளுக்குப் பெரும்பாலும் இரண்டாம் இடம்தான். 30 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள ஒரு கான்கிரீட் கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். (ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவில் உள்ள பகுதியைக் கண் என்கிறேன்.) மேல்தளம், அதன் அடியில் ஓடும் உத்தரங்கள் எல்லாவற்றையும் ஒரே பலகையாகப் பரப்பினால் அரை மீட்டர் கனம் வரும் என்று வைத்துக்கொள்வோம். 150 கன மீட்டர் கான்கிரீட். கம்பியோடு சேர்த்தால் கன மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை டன். ஆக 375 டன். அதன் மேல் 40 டன் லாரிகள் நான்கை நெருக்கி நிறுத்தினாலும் 160 டன்னைத் தாண்டாது. பாலம் முக்கியமாகச் சுமப்பது தன்னைத்தான். கண் நீள நீள இந்த விகிதம் இன்னும் மோசமாகும்.

அதனால் பாலம் பற்றிப் புரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: இந்த எடை எந்த வழியாக இறங்கி மண்ணுக்குப் போகிறது? லாரியின் சக்கரம் தளத்தை அழுத்துகிறது. தளம் அந்தச் சுமையை உத்தரத்துக்குத் தருகிறது. உத்தரம் தன் இரு முனைகளிலும் உள்ள பேரிங்குகளுக்கு (உத்தரத்துக்கும் தூணுக்கும் நடுவில் வைக்கும் தாங்கு கட்டைகள்), பேரிங் தூணுக்கு, தூண் அடித்தளத்துக்கு, அடித்தளம் மண்ணுக்கு அல்லது பாறைக்கு. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமோ அந்த அளவுதான் பாலத்தின் பலம். எந்தப் பாலத்தின் வரைபடத்தைக் கொடுத்தாலும் அனுபவமுள்ள பொறியாளர் முதலில் மனதுக்குள் இந்த வழியைத்தான் தடவிப் பார்ப்பார்.

உத்தரப் பாலம்தான் இருப்பதிலேயே எளிமையானது. இரண்டு தாங்கல், மேலே ஒரு உத்தரம். சுமை ஏறும்போது உத்தரம் நடுவில் கொஞ்சம் தொய்கிறது. தொய்யும்போது அதன் மேல்பாகம் நெருக்கப்படுகிறது, அடிப்பாகம் இழுபடுகிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பாதி பாலம் பிடிபட்ட மாதிரி. ஏனென்றால் கான்கிரீட் நெருக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்குவது கஷ்டம், வெடித்துவிடும். எஃகு இழுப்பை அநாயாசமாகத் தாங்கும். ஆகவே இழுபடும் பக்கத்தில் கம்பியைப் போடுகிறார்கள். இரண்டு தாங்கலில் சும்மா உட்கார்ந்திருக்கும் உத்தரத்துக்குக் கம்பி அடியில் அதிகம். அதே உத்தரம் நடுத்தூணின் மேல் முறியாமல் தொடர்ந்து ஓடினால் கதை தலைகீழ். தூணுக்கு நேர் மேலே உத்தரத்தின் மேல்பாகம்தான் இழுபடும், அங்கே கம்பி மேலே வர வேண்டும். கம்பி கட்டும் இடத்தில் வரைபடத்தை ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்ப்பது இதற்காகத்தான். கான்கிரீட் கொட்டிய பிறகு கம்பி மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது.

கண்ணின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும்? குறுக்குவெட்டு மாறாத உத்தரத்தில், சொந்த எடையால் வரும் வளைப்பு நான்கு மடங்காகும். தொய்வு 16 மடங்காகும். சரி, உத்தரத்தை இன்னும் ஆழமாகப் போடலாமே என்றால் எடையும் கூடவே ஏறும். ஒரு கட்டத்தில் உத்தரம் தன்னைத் தூக்குவதற்கே சரியாக இருக்கும். சாதாரணக் கம்பி போட்ட கான்கிரீட் உத்தரத்தை மிக நீளமான கண்களில் பார்க்க முடியாததற்கு இதுதான் காரணம்.

இதை உடைத்த யோசனை முன்தகைவு. பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஃப்ரெய்சினே 1928-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வரிசையாகப் புத்தகங்களை இரு கைகளால் இறுக்கி நெருக்கினால், அடியில் பலகை இல்லாமலே அத்தனையையும் தூக்கிவிடலாம் அல்லவா? கான்கிரீட் உத்தரத்திலும் அதையே செய்கிறார்கள். உத்தரத்துக்குள் குழாய்களை வைத்து, கான்கிரீட் கெட்டியானதும் அவற்றுக்குள் உயர்வலிமை எஃகு வடங்களைச் செலுத்தி, முனையில் ஜாக்கி வைத்து இழுத்து, ஆப்பு வைத்துப் பூட்டிவிடுவார்கள். வடம் சுருங்கத் துடிக்கிறது, கான்கிரீட் அதைத் தடுக்கிறது. விளைவு, எந்த வண்டியும் ஏறுவதற்கு முன்பே உத்தரத்தின் அடிப்பாகம் நெருக்கத்தில் இருக்கிறது. பின்னால் சுமை வந்து அடிப்பாகத்தை இழுக்கும்போது, அந்த இழுப்பு முதலில் இந்த நெருக்கத்தைத்தான் தின்ன வேண்டும். அது தீரும்வரை கான்கிரீட்டுக்கு இழுப்பே தெரியாது.

இந்த வேலையைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் ஒரு சுவாரசியம் உண்டு. 30 மீட்டர் வடத்தை முழு விசைக்கு இழுத்தால் அது ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளும். பொறியாளர் ஜாக்கியின் அழுத்தமானியை மட்டும் நம்ப மாட்டார், அளவுகோல் வைத்து வடம் எவ்வளவு வெளியே வந்தது என்றும் பார்ப்பார். அழுத்தமானி சரியான விசையைக் காட்டி, நீட்சி மட்டும் குறைந்தால் வடம் குழாய்க்குள் எங்கோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். நீட்சி அதிகமானால் ஆப்பு வழுக்கியிருக்கலாம், வடத்தில் ஓர் இழை அறுந்திருக்கலாம். இரண்டும் ஒத்துப்போனால்தான் அடுத்த வடம். இழுத்து முடிக்கும் தறுவாயில் உத்தரம் நடுவில் மெல்ல மேலே எழும்பி அச்சுப் பலகையை விட்டு விலகும். அதன் பிறகு குழாய்களுக்குள் சிமெண்டுப் பால் செலுத்தி அடைப்பார்கள், வடம் துருப்பிடிக்காமல் இருக்க. இந்தக் கடைசி வேலையை அவசரமாக முடித்துவிட்டு, பல வருடம் கழித்து உள்ளே அரித்த வடத்துக்காக அழுத பாலங்கள் உலகில் நிறைய.

உத்தரத்தால் தாண்ட முடியாத தூரத்துக்கு வேறு வழிகள். வளைவுப் பாலம் எடையை வளைவு வழியாகவே நெருக்கமாக மாற்றி இரு கரைக்கும் தள்ளும். இழுப்பு என்ற தலைவலி பெரும்பாலும் இல்லை. பதிலுக்குக் கரை உறுதியாக இருக்க வேண்டும், ஏனென்றால் வளைவு கீழே மட்டும் அழுத்தாது, பக்கவாட்டிலும் உதைக்கும். பாறைப் பள்ளத்தாக்குகளில் வளைவுப் பாலங்கள் அதிகம் இருப்பது அழகுக்காக இல்லை. 1932-இல் திறந்த சிட்னி துறைமுகப் பாலத்தின் வளைவு 503 மீட்டர். காஷ்மீரின் செனாப் ரயில் பாலத்தின் வளைவு 467 மீட்டர், ஆற்றுப்படுகையிலிருந்து 359 மீட்டர் உயரம். தொங்கு பாலம் இதன் நேர் எதிர், எல்லாமே இழுப்பு. தளம் செங்குத்துக் கம்பிகளில் தொங்க, அவை முதன்மை வடத்தில் தொங்க, வடம் இரு கோபுரங்களின் மேல் ஏறி இறங்கி இரு கரையிலும் மாபெரும் கான்கிரீட் நங்கூரத்தில் கட்டப்பட்டிருக்கும். 1937-இல் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் 1,280 மீட்டர். 2022-இல் துருக்கியில் திறந்த 1915 சனக்கலே பாலம் 2,023 மீட்டர். இந்த அளவில் பூமியின் உருண்டை வடிவமே கணக்கில் வந்துவிடும். நியூயார்க்கின் வெராசானோ பாலத்தில் இரண்டு கோபுரங்களும் தூக்குநூல் பிடித்ததுபோல் நேராகத்தான் நிற்கின்றன. ஆனாலும் அடியில் இருப்பதைவிட உச்சியில் 4 சென்டிமீட்டர் விலகியிருக்கின்றன.

இதையெல்லாம் பேசினாலும், வரைபடத்தில் முதல் கோடு போடும் முன் துளை போட வேண்டும். மண்ணில். ஒவ்வொரு தூண் வரும் இடத்திலும் ஆழமாகத் துளையிட்டு, மண்ணின் மாதிரிகளை அடுக்கடுக்காக எடுத்துச் சோதிப்பார்கள். கூடவே ஆற்றின் வெள்ள வரலாற்றையும் தோண்டுவார்கள். நூறு ஆண்டில் ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எவ்வளவு உயரம் வரும், எவ்வளவு வேகமாக ஓடும் என்று ஒரு மதிப்பு வேண்டும். பாலத்தின் உயரம், கண்களின் எண்ணிக்கை, தூணின் வடிவம் எல்லாம் அதிலிருந்து வரும்.

வேகம் ஏன் முக்கியம்? ஓடும் நீர் தூணில் மோதிக் கீழே திரும்பிச் சுழலும். அந்தச் சுழல் தூணைச் சுற்றி மண்ணை அரித்துக் குழி பறிக்கும். பாலங்கள் இடிந்துவிழுவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று இந்த மண்ணரிப்பு. சுமை தாங்காமல் உத்தரம் முறிவதைவிட அடியில் மண் போய்த் தூண் சாய்வதுதான் அதிகம். இதில் ஒரு வஞ்சகம் உண்டு. வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது குழி ஆழமாகும், வெள்ளம் வடியும்போது தளர்ந்த வண்டல் வந்து அதே குழியை நிரப்பிவிடும். மறுநாள் போய்ப் பார்த்தால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். 1987 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹாரி ஓடைப் பாலம் வெள்ளத்தில் இப்படித்தான் விழுந்து 10 பேர் இறந்தார்கள். ஆழமில்லாத அடித்தளம், அதன் கீழிருந்த மண் அரித்துப்போயிருந்தது.

ஆகவே அடித்தளம் அரிப்பு எட்டாத ஆழத்துக்குப் போக வேண்டும். இப்போது பெரும்பாலும் பைல்தான், அதாவது நிலத்துக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண். ரிக் இயந்திரம் ஒன்றரை மீட்டர் விட்டத்தில் நிலத்தைத் துளைத்துக்கொண்டே போகும். துளையின் சுவர் சரியாமல் இருக்க, பென்டோனைட் களிமண் கரைசலை நிரப்பியபடி துளைப்பார்கள். பாறையைத் தொட்டதும் அடியைச் சுத்தம் செய்து, கம்பிக் கூட்டை இறக்கி, ஒரு நீளக் குழாயை அடிவரை விட்டு அதன் வழியாகக் கான்கிரீட்டை ஊற்றுவார்கள். கான்கிரீட் அடியிலிருந்து மேலே ஏற ஏற, இலகுவான கரைசல் மேலே வழிந்து வெளியேறும். குழாயின் நுனி எப்போதும் கான்கிரீட்டுக்குள்ளேயே புதைந்திருக்க வேண்டும் என்பது இந்த வேலையின் உயிர்நாடி. அவசரத்தில் கொஞ்சம் அதிகமாக உருவிவிட்டால் கரைசல் இடையில் புகுந்து, பைலுக்கு நடுவே ஒரு சேற்றுப் படலம் மாட்டிக்கொள்ளும். பிறகு பைலின் தலையில் சிறு சுத்தியலால் தட்டி, அந்த அதிர்வு அடிவரை போய்த் திரும்பி வருவதைக் கருவியில் பார்த்து, நடுவில் ஏதும் கோளாறு உண்டா என்று கண்டுபிடிப்பார்கள்.

பைலுக்கு முந்தைய தலைமுறையின் வழி கிணறு இறக்குவது. ஆற்றில் கனமான கான்கிரீட் கிணற்றை நிறுத்தி, உள்ளிருக்கும் மணலை அள்ளிக்கொண்டே வந்தால் கிணறு தன் எடையாலேயே இறங்கும். மேலே உறையைக் கட்டிக்கொண்டே போவார்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கும் பக்கத்தில் அதிகமாக அள்ளி நிமிர்த்துவார்கள். பெரிய ஆறுகளில் இன்றைக்கும் இது நடக்கிறது. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு, கவிழ்த்த பெட்டிக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தி, அதற்குள் ஆட்கள் இறங்கித் தோண்டினார்கள். வெளியே வேகமாக வந்தவர்களுக்கு மூட்டுகளில் கொடிய வலி, சிலருக்கு மரணம். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே அந்த நோயில் படுக்கையில் விழுந்தார். அவருக்கும் வேலை நடந்த இடத்துக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் பாலமாக இருந்தது மனைவி எமிலி. நியூயார்க் பக்கக் கோபுரத்துக்குப் பாறைவரை தோண்டினால் இன்னும் எத்தனை உயிர் போகுமோ என்று, இறுகிய மணலிலேயே ரோப்ளிங் நிறுத்திவிட்டார். 1883-இல் திறந்த அந்தப் பாலத்தின் ஒரு கோபுரம் இன்றும் மணல் மேல்தான் நிற்கிறது.

அப்புறம் மற்றச் சுமைகள். வெயிலில் எஃகு விரியும். 100 மீட்டர் எஃகுப் பாலம் 40 டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நீளும். அதைத் தடுக்க முயன்றால் தூணையே தள்ளிவிடும். அதனால்தான் பேரிங்: ரப்பரும் எஃகுத் தகடும் மாறி மாறி ஒட்டிய ஒரு கட்டை, எடையைத் தாங்கிக்கொண்டே பக்கவாட்டில் நகர விடும். சாலையில் கண்ணுக்குக் கண் தடதடவென்று கேட்கும் இணைப்பும் இந்த நகர்வுக்கான இடைவெளியால் வருவதுதான். பிரேக் போடும் லாரியின் தள்ளல், நிலநடுக்கம், படகோ கப்பலோ மோதுவது எல்லாவற்றுக்கும் விதிநூலில் தனித்தனி அளவு உண்டு. சுமைகளை உள்ளதைவிடக் கூட்டியும், பொருளின் வலிமையை உள்ளதைவிடக் குறைத்தும் கணக்குப் போடுவது வழக்கம். இந்த இடைவெளிதான் பாதுகாப்பு.

காற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டக்கோமா நேரோஸ் பாலம் 1940 ஜூலையில் திறந்து, அதே ஆண்டு நவம்பர் 7-இல் மணிக்கு 65 கிலோமீட்டர் வேகக் காற்றில் விழுந்தது. அந்தக் காற்றின் நேரடி அழுத்தத்தை அது தாராளமாகத் தாங்கியிருக்கும். 853 மீட்டர் கண்ணுக்கு, தளத்தின் ஓரத்தில் வெறும் 2.4 மீட்டர் உயர எஃகுத் தகட்டுச் சுவர்தான் விறைப்பு தந்தது. கோல்டன் கேட்டில் அந்த ஆழம் 7.6 மீட்டர். ஒல்லியான தளம் காற்றில் சற்று முறுக, அந்த முறுக்கம் காற்று படும் கோணத்தை மாற்ற, அது முறுக்கத்தை மேலும் வளர்க்க, தளம் தானே தன் ஆட்டத்துக்குத் தீனி போட்டுக்கொண்டது. ஊஞ்சலைத் தாளத்துக்குத் தள்ளுவதுபோன்ற ஒத்ததிர்வு என்று பாடப்புத்தகங்களில் சொல்வது சரியான விளக்கம் இல்லை. வெளியிலிருந்து தாளம் எதுவும் வரவில்லை, பாலத்தின் அசைவே தாளத்தை உண்டாக்கியது. அதற்குப் பிறகு நீளமான பாலம் எதையும் காற்றுச் சுரங்கத்தில் மாதிரி வைத்துச் சோதிக்காமல் கட்டுவதில்லை. மனிதர்களும் இப்படி ஆட்டிவைப்பார்கள். லண்டனின் மில்லேனியம் நடைபாலம் 2000 ஜூனில் திறந்த உடனே பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. ஆடும் தளத்தில் விழாமல் நடக்க எல்லோரும் அறியாமலே ஒரே நேரத்தில் காலை அகட்டி வைத்தார்கள், ஆட்டம் கூடியது. மூடி, அதிர்வுத் தணிப்பான்கள் பொருத்தி, 2002-இல் திறந்தார்கள்.

இதுவரை சொன்னது முடிந்த பாலத்தைப் பற்றி. பாதி கட்டிய பாலம் வேறு ஒரு பாலம். அது எடையை வேறு வழியில் இறக்குகிறது, அதற்குத் தனிக் கணக்கு வேண்டும். வளைவின் இரண்டு பாதிகள் நடுவில் சேரும்வரை அது வளைவே இல்லை, இரு கரையிலிருந்தும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கைகள். பின்னாலிருந்து கம்பி வடத்தால் இழுத்துப் பிடிக்க வேண்டும். கீழே சாரம் போட முடியாத ஆழமான ஆற்றில், தூணிலிருந்து இரு பக்கமும் நாலைந்து மீட்டர் துண்டுகளாகச் சமமாக வளர்த்துக்கொண்டு போவார்கள். ஒரு பக்கம் ஒரு துண்டு அதிகமானாலும் தூண் அந்தப் பக்கம் வளைக்கப்படும். நடுவில் இரண்டு நுனிகள் சந்திக்கும்போது ஒன்று மேலே, மற்றது கீழே என்று இருக்கக் கூடாது. அதற்காக ஒவ்வொரு துண்டையும் பின்னால் எவ்வளவு தாழும் என்று கணித்து, அந்த அளவு உயர்த்தியே வைப்பார்கள். வெயிலில் தளம் வளைவதால், மட்டம் பார்க்கும் வேலை பெரும்பாலும் விடிவதற்கு முன்பே நடக்கும். பிரான்சின் மில்லோ பாலத்தில் இன்னொரு வழி. எஃகுத் தளத்தைக் கரையிலேயே இணைத்து, ஜாக்கிகளால் தூண்களின் மேல் தள்ளிக்கொண்டே போனார்கள்.

கட்டும்போது நேர்ந்த விபத்துகளில் பொறியாளர்கள் மறக்காதது கனடாவின் கியூபெக் பாலம். ஆற்றின் ஆழம் கருதி அதன் கண்ணை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டினார்கள். ஆனால் பாலத்தின் சொந்த எடையைப் பழைய நீளத்துக்குப் போட்ட கணக்கிலேயே விட்டுவிட்டார்கள். தவறு தெரிந்தபோது எஃகுத் துண்டுகளில் பெரும்பகுதி தயாராகிவிட்டது. தகைவு (சட்டங்களுக்குள் எழும் விசையின் அளவு) கொஞ்சம்தான் கூடுகிறது என்று ஆலோசகப் பொறியாளர் தியோடர் கூப்பர் ஒப்புக்கொண்டார். 1907 கோடையில், நெருக்கத்தைத் தாங்கும் அடிச்சட்டங்கள் வளைய ஆரம்பித்தன. ஒரு சட்டத்தின் வளைவு சில நாட்களில் முக்கால் அங்குலத்திலிருந்து 2 அங்குல அளவுக்கு வந்தது. தளப் பொறியாளர் நார்மன் மெக்லூர் கூப்பரிடம் நேரில் சொல்ல நியூயார்க்குக்குக் கிளம்பினார். விவரத்தைக் கேட்ட கூப்பர், இனிப் பாலத்தில் எடை ஏற்றாதீர்கள் என்று கட்டுமான நிறுவனத்தின் அலுவலகத்துக்குத் தந்தி கொடுத்தார். பாலத்தில் வேலை நிற்கவில்லை. ஆகஸ்ட் 29 மாலை ஐந்தரை மணி சுமாருக்குப் பாலம் விழுந்தது. 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். மறுபடி கட்டும்போது 1916-இல் நடுப்பகுதியைத் தூக்குகையில் அது ஆற்றில் விழுந்து மேலும் 13 பேர். 1917-இல் முடிந்த அந்தப் பாலம் இன்றும் ரயில்களைச் சுமக்கிறது. அதன் சட்டங்கள் முதல் பாலத்தினுடையதைவிடப் பல மடங்கு பருமன்.

கட்டி முடித்த பின், திறப்பதற்கு முன் சுமைச் சோதனை செய்வதுண்டு. எடை ஏற்றிய லாரிகளைக் குறித்த இடங்களில் நிறுத்தி, தொய்வை மில்லிமீட்டர் கணக்கில் அளப்பார்கள். எவ்வளவு தொய்ந்தது என்பது ஒரு பாதி, லாரிகளை எடுத்ததும் எவ்வளவு மீண்டது என்பது மறுபாதி. முழுசாக மீளாவிட்டால் உள்ளே எங்கோ விரிசல் விட்டிருக்கிறது என்று சந்தேகிப்பார்கள். பிறகு ஆண்டுதோறும் ஆய்வு. 1967-இல் அமெரிக்காவின் சில்வர் பாலம் முனையில் துளையுள்ள ஒரே ஒரு எஃகுச் சட்டத்தில் இருந்த விரிசலால் விழுந்து 46 பேர் இறந்த பிறகுதான், பாலங்களை முறையாக ஆய்வுசெய்வது அந்த நாட்டில் சட்டமானது. விரிசல் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தது என்பதால், இப்போது வடிவமைக்கும்போதே ஆய்வாளர் கை எட்டுமா என்று பார்க்கிறார்கள். பேரிங்கின் ஆயுள் பாலத்தின் ஆயுளைவிடக் குறைவு. ஆகவே தூணின் தலையில், பேரிங்குக்குப் பக்கத்திலேயே ஜாக்கி வைக்க இடம் விடுவார்கள். பல வருடம் கழித்து ஓர் இரவில் போக்குவரத்தை நிறுத்தி, உத்தரத்தைச் சில மில்லிமீட்டர் தூக்கி, பழைய ரப்பர் கட்டையை உருவிவிட்டுப் புதியதைச் செருகிவிடலாம்.